நள்ளிரவில் முழித்திருந்து பார்த்த போட்டி: உங்களுக்கும் ஒன்று இருக்குமே, சொல்லுங்கள்

கடலூர், தேவனாம்பட்டினம்

ஐபிஎல் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு ரிமோட் என் கைக்கு வந்துவிடும். அம்மாவுக்கு அதில் வருத்தம் கிடையாது. சுண்டல் அவித்துக்கொண்டு வந்து கூடவே உட்காருவார். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், ஆளைப் பார்ப்பார். 2025இல் அஸ்வின் மஞ்சள் சட்டையில் வந்து நின்றதும், "இந்தப் பையன் ரோஸ் சட்டையில இல்ல இருந்தான்?" என்றார். நான் வரிசையாகச் சொன்னேன்: முதலில் சென்னை, நடுவில் புனே, பிறகு பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான், இப்போது மறுபடியும் சென்னை. "அப்ப இவன் எந்த ஊருக்கு ஆடுறான்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

தப்பாக நினைக்க வேண்டாம், நான் 2008இலிருந்தே சென்னை ரசிகன். 2019 இறுதிப் போட்டியில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற அன்று சாப்பிடாமல் படுத்தேன். ஆனால் மறுநாள் காலையிலேயே மனசு சமாதானமாகிவிட்டது. அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 8 ராத்திரி அந்த வார்த்தையைச் சொல்ல வழியில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. இங்கே நமக்கு நள்ளிரவு. ஒன்பது மணிக்கே படுத்துவிடும் அம்மா அன்று படுக்கவில்லை. 2021இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீ போட்டுக்கொண்டே பார்த்தவர் அவர். அந்தப் பையன் முகத்தை அம்மா மறக்கவே இல்லை.

ஆளுக்கு ஆறு வாய்ப்பு. நீரஜின் முதல் எறி ஃபவுல். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தன் இரண்டாவது வாய்ப்பில் எறிந்த ஈட்டி இறங்கவே மாட்டேன் என்கிற மாதிரி போனது. 92.97 மீட்டர், புது ஒலிம்பிக் சாதனை. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். நீரஜ் தன் இரண்டாவது வாய்ப்பில் 89.45 எறிந்தார். டோக்கியோவில் தங்கம் வாங்கிய எறியைவிட இது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கூடுதல்! அதற்கப்புறம் எறிந்த நான்கும் ஃபவுல்.

பக்கத்து வீட்டு மாமா கடலுக்குக் கிளம்பும் நேரம் அது. விளக்கு எரிவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் வலை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. விளையாட்டு பற்றி ஒன்றும் தெரியாதவர். ஆனால் ஒரே ஒரு மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னங்கால பாரு, ஆணி அடிச்ச மாதிரி ஊணறான். கால் ஊணலன்னா கை வீசாது. எங்களுக்கும் வலை வீசறப்ப அதான்." ஓடி வந்த வேகம் அந்த முன்னங்காலில் தடைபட்டுத்தான் தோளுக்கு ஏறி ஈட்டிக்குப் போகிறது. எத்தனையோ வருஷம் டிவியில் பார்த்தும் நான் கவனிக்காத விஷயம். "அதிகம் எறிஞ்சவன் யாரு?" என்று கேட்டார். பாகிஸ்தான் பையன் என்றேன். "நல்லா எறிஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் நடந்தார்.

அம்மா மட்டும், "அந்தப் பையனோட அம்மா முழிச்சிருந்து பார்த்திருப்பாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்று நீரஜின் அம்மா சொன்னது மறுநாள் செய்தியில் வந்தது. அம்மா அதை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இதில் எனக்கே புரியாத ஒன்று உண்டு. 2025 மே மாதம் தோஹாவில், வருஷா வருஷம் நடக்கும் டைமண்ட் லீக் தடகளப் போட்டியில் நீரஜ் 90.23 மீட்டர் எறிந்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுவரை அதுதான் பெரிய எறி. நாம் எல்லாரும் காத்துக் கிடந்த 90 மீட்டர். அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், காலையில் போனில்தான் பார்த்தேன். அதே ஆள், அதே ஈட்டி, இன்னும் அதிக தூரம். ஆனால் முழித்திருக்கத் தோன்றவில்லை. தூரத்துக்காக நாம் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு விட்டால் நாலு வருஷம் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தப் பயத்தைச் சேர்ந்து சுமப்பதற்குத்தான் உட்காருகிறோம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். எழுதுங்கள்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை

எனக்கு 2022 டிசம்பர் 18. ஈட்டி இல்லை, கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயசு, பாரிஸ் கால்பந்து கிளப்பான பிஎஸ்ஜி என்றால் உயிர். வந்த நாளிலிருந்து முதுகில் மெஸ்ஸி பேரும் 30ஆம் நம்பரும் போட்ட பிஎஸ்ஜி சட்டையைக் கழற்றவே இல்லை. மெஸ்ஸியும் எம்பாப்பேவும் அப்போது அந்த ஒரே கிளப்பில் ஆடினார்கள். இறுதிப் போட்டியில் ஒருவர் அர்ஜென்டினா, இன்னொருவர் பிரான்ஸ்.

ராத்திரி எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. அர்ஜென்டினா இரண்டு கோல் போட்டபோது பையன் மெல்லச் சிரித்தான். தாத்தா எதுவும் சொல்லவில்லை, சாய்வு நாற்காலியில் குனிந்தபடி இருந்தார். 80ஆவது நிமிஷத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒன்று, 97 வினாடி கழித்து இன்னொன்று. தாத்தா எழுந்து நின்றுவிட்டார், முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை! அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த பையன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது மெஸ்ஸி சட்டை இல்லை, வெறும் பனியன்.

கூடுதல் நேரத்தில் 3-3. கடைசியில் பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா ஜெயித்தது. எம்பாப்பே மூன்று கோல் போட்டும் தோற்றார். தாத்தா பேரன் தலையைத் தடவி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்குப் பாஷை புரியவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். பிஎஸ்ஜி தோற்று அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததே இல்லை.

குறிஞ்சிப்பாடி பக்கம்

அண்ணே, எல்லாம் சரி. ஆனால் ஐபிஎல் மாதிரியான லீக்கைக் கொஞ்சம் குறைத்துப் பேசுகிற மாதிரி படுகிறது, அதனால் சொல்கிறேன்.

நான் ஊர் கபடி அணியில் ஆடியவன். பொங்கலுக்குப் போட்டி வைப்பார்கள், செம்மண் களம். ஜெயித்தால் சுழற்கோப்பை, கொஞ்சம் பணம். பன்னிரண்டு பேர் பிரித்துக்கொண்டால் பஸ் காசும் புரோட்டாவும்தான் மிஞ்சும். முட்டி தேய்ந்ததற்கு மருந்து வீட்டுக் காசு. "பாடிப் போயி என்னடா சம்பாதிச்ச?" என்று அப்பா கேட்பார். 2014இல் புரோ கபடி லீக் வந்தது, 2017இல் அதில் நம் தமிழ்நாட்டு அணி தமிழ் தலைவாஸ் வந்தது. அதே அப்பா என் தம்பியிடம், "அதுல சேர என்ன வழி?" என்று விசாரித்தார். அந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தது லீக்தான்.

ஆனால் எனக்கு மறக்காத நாளும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. 1990இல் கபடியைச் சேர்த்ததிலிருந்து ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் நமக்குத்தான். அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றோம். நமக்கு கேப்டன் அஜய் தாக்கூர், அப்போது தமிழ் தலைவாஸுக்கும் அவர்தான் கேப்டன். எதிரே ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. இடது கார்னரில் நின்று அவர் கால் பிடிப்பதை லீக்கில் பார்த்து விசில் அடித்தவர்கள் நாங்கள். அதே பிடி நம் ஆளின் கணுக்காலில் விழுந்தபோது வயிறு கலங்கியது. நம் லீக்கில் நம் ஆட்களோடு ஆடிக் கூர்மையான கை அது. அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை, ஏதோ பெருமை மாதிரியும் இருந்தது. 2023இல் ஹாங்ஜோவில் அதே ஈரானை 33-29 என்று ஜெயித்துத் தங்கத்தைத் திரும்ப வாங்கினோம். நடுவில் ஒரு புள்ளித் தகராறில் ஆட்டம் நின்றே போனது. அன்று எங்கள் ஊர் டீக்கடையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

லீக் இல்லையென்றால் அந்த இரண்டு நாளும் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

திருப்பாதிரிப்புலியூர்

சுருக்கமாக ஒன்று. 2023 ஆகஸ்ட், புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டி, 4x400 மீட்டர் தொடர் ஓட்டத் தகுதிச் சுற்று. இந்தியா 2 நிமிஷம் 59.05 வினாடி, அன்றைக்கு அது ஆசிய சாதனை, அமெரிக்காவுக்கு அடுத்த இடம். கடைசிச் சுற்று ஓடியவர் நம் ராஜேஷ் ரமேஷ், அப்போது திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். கட்டையை வாங்கி அமெரிக்க வீரருக்குப் பின்னாலேயே விடாமல் ஓடினார். அதிலிருந்து ரயிலில் கறுப்புக் கோட்டுப் போட்ட பரிசோதகர் யார் வந்தாலும் ஒருமுறை காலைப் பார்த்துவிடுகிறேன்.

கடலூர், தேவனாம்பட்டினம்

கபடித் தம்பிக்கு: நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் சோறு வேகாமல் யாரும் விளையாட்டில் நிலைக்க முடியாது, அந்தச் சோற்றை லீக்தான் போடுகிறது. நான் பார்க்கிறவன் இடத்திலிருந்து எழுதினேன், நீங்கள் ஆடியவர்.

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டையைக் கழற்றிய பையன் பேர் என்ன என்று கேட்டார். அப்புறம், "ஈட்டிப் பையன் மறுபடி ஒலிம்பிக்ல எப்ப எறிவான்?" என்றார். 2028, லாஸ் ஏஞ்சல்ஸ் என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "அப்ப எனக்கு எழுபத்தொண்ணு. அங்க சாயங்காலம்னா இங்க எத்தன மணி?"

விடியற்காலை, இல்லாவிட்டால் காலையாக இருக்கும் என்றேன்.

"அது பரவால்ல, எழுந்துக்கலாம்."