புதுப்பிப்பு: பழைய டிரக்கின் டைமிங் செயினை மாற்றியாயிற்று

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வருகிறது, பிறகு அடங்கிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்குக் கொண்டுபோகும் சங்கிலிதான் டைமிங் செயின்; அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனராக இருக்கும் என்றுதான் நினைத்தேன். செயினை மூடியிருக்கும் கவரைக் கழற்றியதும் கதை வேறு.

செயின் விலகாமல் தாங்கும் பிளாஸ்டிக் கைடு ஒன்று பாதியாக உடைந்து கிடந்தது. தொய்ந்த செயின் கவரின் உள்சுவரில் உரசி, நகம் பதியும் ஆழத்துக்குக் கோடு போட்டிருந்தது. உடைந்த துண்டு எங்கே? இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேனில். சில்லுகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையிலும் ஒட்டியிருந்தன. பேனைக் கழற்ற வேண்டாம் என்று சோம்பல்பட்டிருந்தால் கொஞ்ச நாளில் இன்ஜினே போயிருக்கும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, குறிகளைப் பொருத்தி, புதுச் செயின், கைடுகள், டென்ஷனர், பற்சக்கரங்கள் எல்லாம் மாட்டினேன். டென்ஷனரை அமுக்கி வைத்திருந்த பின்னை உருவிவிட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். பற்சக்கரக் குறிகள் சரியாக வந்தன, அவற்றுக்கு நேராக வைத்து மாட்டிய, செயினின் நிறக் கண்ணிகள் மட்டும் வரவில்லை. ஒரு நிமிடம் வியர்த்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: அந்தக் கண்ணிகள் மாட்டும்போது மட்டும் உதவும், மறுபடி குறிகளுக்கு நேராக வரப் பல சுற்று ஆகும்.

முதல் ஸ்டார்ட்டில் டென்ஷனருக்குள் ஆயில் ஏறும்வரை லேசாகச் சத்தம், பிறகு அமைதி. மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில், அதுவும் இல்லை.