பழைய ஜியான் 28 கோரா, புதிய எபிக் 8 கோரா?

பீனியாக்காரன்:
பெங்களூரு பீனியாவில் அப்பா ஆரம்பித்த லேத் பட்டறை. 14 பேர் ஒரே ஈஆர்பி சாஃப்ட்வேரில் பில்லும் ஸ்டாக்கும் போடுகிறார்கள். ஓஎஸ் உபுண்டு, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். சர்வர் என்ற பெயரில் ஓடுவது ஒரு பழைய டெஸ்க்டாப். மாசக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் கேட்டால் 40 நிமிஷம். அதற்குள் அப்பா டீ குடித்து, என்னைத் திட்டி, இன்னொரு டீயும் குடித்துவிடுகிறார். எஸ்பி ரோடு கடையில் ஒரு பழைய ரேக் சர்வர் காட்டினார்கள்: இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4 ப்ராசஸர் இரண்டு, மொத்தம் 28 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). கொஞ்சம் கூடப் போட்டால் ஏஎம்டியின் புது எபிக் 4344பி கிடைக்கும், ஆனால் 8 கோர்தான். 28 எங்கே, 8 எங்கே! எதை வாங்கட்டும்?

ராத்திரி ஷிப்ட்:
அவசரப்படாதீங்க. ரிப்போர்ட் ஓடும்போது டெர்மினலில் டாப் (top) கமாண்ட் போட்டு 1 அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நின்று மற்றவை சும்மா இருந்தால், 28 கோர் என்பது ஒரு தோசைக்கல்லுக்கு 28 மாஸ்டர் வைத்த கதைதான். போஸ்ட்கிரெஸ் 9.6-லிருந்து ஒரே க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியை) பல கோருக்குப் பிரிக்கும், உண்மை. ஆனால் நாம் மாற்றாதவரை க்வெரியின் ஒரு இடத்தில் துணைக்கு வருவது இரண்டு வொர்க்கர் (துணை ப்ராசஸ்) தான். அதனால் ஒவ்வொரு கோரின் வேகம்தான் முக்கியம். 2680 வி4 வந்தது 2016-ல், டர்போ என்ற உச்ச வேகத்திலும் 3.3 கிகாஹெர்ட்ஸ். 4344பி 5.3 வரை போகும். அப்புறம், டாப்பில் 'டபிள்யூஏ' (wa) எண் ஏறியிருந்தால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ப்ராசஸரைத் தொடவே வேண்டாம்.

சிவாஜிநகர் பாய்:
ரேக் சர்வரை ஆபீஸ் ரூமில் வைக்கப் போகிறீர்களா? ஃபேன் சத்தத்தில் போன் பேச முடியாது சார். அந்த ஜியான் ஒவ்வொன்றும் 120 வாட், 4344பி 65 வாட். ராத்திரி பகலாக ஓடும் பெட்டிக்கு இது கரண்ட் பில்லில் தெரியும். பழைய எபிக் சிப்பைத் தனியாக வாங்குவதானால் ஜாக்கிரதை. நான் வாங்கியது முன்பு இருந்த கம்பெனியின் மதர்போர்டில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டது, என் போர்டில் உயிரே வரவில்லை. கடைக்காரர் "நேத்துகூட ஓடுச்சே" என்றார். ஓடியிருக்கும், அவர் பெட்டியில்!

பீனியாக்காரன்:
டாப் பார்த்தேன். டபிள்யூஏ 70! உள்ளே சுற்றுவது பழைய ஹார்ட் டிஸ்க். சனிக்கிழமை எஸ்எஸ்டி மாற்றினேன், 40 நிமிஷம் 12 ஆகிவிட்டது. இப்போது டபிள்யூஏ கிட்டத்தட்ட பூஜ்யம், ஒரு கோர் மட்டும் 100-ல் நிற்கிறது. சரி, 4344பிதான். மெமரி?

ராத்திரி ஷிப்ட்:
ஈசிசி (பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) உள்ள டிடிஆர்5 யூடிம் வகை மெமரி என்று கேட்டு வாங்குங்கள். ரேக் சர்வரில் போடும் ரிஜிஸ்டர்டு வகை மெமரி 4344பி-யில் வேலை செய்யாது. கணக்கு வழக்கு இருக்கும் பெட்டி, ஈசிசியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பீனியாக்காரன்:
ஆர்டர் கொடுத்தாச்சு. எத்தனை கோர் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. கடையில் என்னோடு நின்று 28-ஐப் பார்த்தவர் அவர்.