பிஎன்ஜி படத்த டாட் ஃபைலா மாத்த முடியுமா? (கடல் உணவு வலை சார்ட்)

மண்டபம்_கரை:
அண்ணே, அக்கா, ஒரு உதவி வேணும். எங்க பக்கத்து பள்ளிக்கூட பிள்ளைகளுக்கு காட்டுற சார்ட் ஒண்ணு, கடல்ல எது எத தின்னு வாழுதுன்னு, கடல்புல், மிதவை உயிரி, நெத்திலி, சூடை, சீலா, பாறை, பேராமை, ஆவுளியா (கடல்பசு) எல்லாத்துக்கும் பெட்டி போட்டு அம்புக்குறி இழுத்தது. சீனியர் ஒருத்தர் கிராஃப்விஸ்ல (எதுக்கும் எதுக்கும் தொடர்புன்னு டாட் ஃபைல்ல எழுதிக் குடுத்தா படமா வரையுற மென்பொருள்) செஞ்சாராம், எங்க கையில பிஎன்ஜி மட்டுந்தான் இருக்கு. இப்ப இன்னும் கொஞ்சம் மீனு சேக்கணும். இங்க்ஸ்கேப்னு படம் வரையுற மென்பொருள்ல ட்ரேஸ் பிட்மேப் (படத்த கோடா மாத்துறது) குடுத்தேன், எஸ்விஜி (கோடா சேமிக்கிற படம்) வந்துச்சு, ஆனா சீலாவ கிளிக் பண்ணா எழுத்தா வரல, வெறும் வளைவு கோடா நிக்குது, அம்புக்குறி பெட்டியோட ஒட்டிக்கிட்டே வருது. நேரா டாட்டா மாத்துற கன்வர்ட்டர் ஏதும் இருக்கா?

பாம்பன்_வாடை:
தம்பி, கன்வர்ட்டர் தேடி நேரத்த விடாத. டாட் ஃபைல்ல இருக்கிறது எதுக்கும் எதுக்கும் தொடர்புங்கிற விவரம் மட்டுந்தான், பெட்டிய எங்க வைக்கிறது கோட்ட எப்படி வளைக்கிறதுங்கிறத கிராஃப்விஸ் தானா கணக்குப் போட்டு வரையுது, அது பிஎன்ஜி ஆனதும் மிஞ்சுறது புள்ளியும் நிறமுந்தான். ட்ரேஸ் பண்ற மென்பொருள் நிறத்தோட ஓரத்த புடிச்சு கோடு போடும், அதுக்கு நெத்திலியும் தெரியாது சீலாவும் தெரியாது. ரெண்டு கோடு குறுக்க வெட்டிக்கிட்டா எது எங்க போகுதுன்னு மனுசன் பாத்துத்தான் சொல்லணும். ஓப்பன்சிவிங்கிற பட அலசல் நிரல் வச்சு பெட்டிய கண்டுபிடிச்சு, டெசராக்ட்ங்கிற எழுத்து படிக்கிற மென்பொருள்ல தமிழ் எழுத்த படிக்க வைக்கலாம், நூத்துக்கணக்கான படம் இருந்தா அதுக்கு மெனக்கெடலாம். ஒரே சார்ட்டுக்கு பக்கத்துல வச்சு தட்டச்சு பண்றதுதான் சீக்கிரம் முடியும், ஒரு அம்புக்கு ஒரு வரி:
"நெத்திலி" -> "சீலா";
"கடல்புல்" -> "ஆவுளியா";
"கடல்புல்" -> "பேராமை";
உணவு வலையில அம்பு முனை தின்னுறது பக்கம் இருக்கணும், இத மட்டும் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வச்சுக்க. படம் எந்தப் பக்கமா வளரணும்னு சொல்ற ரேங்க்டிர்ங்கிறதுக்கு (rankdir) BTன்னு, அதாவது கீழிருந்து மேலன்னு, குடுத்தா கடல்புல் அடியிலயும் பெரிய மீனு மேலயும் வரும், பிள்ளைகளுக்கு பாத்ததும் புரியும்.

தொண்டி_வலை:
தட்டச்சு பண்றதுக்கு முன்னாடி அந்த சீனியர்கிட்ட டாட் ஃபைல், அது இல்லன்னா எஸ்விஜி இருக்கான்னு கேட்டுருங்க. கிராஃப்விஸ் எழுதுன எஸ்விஜிய நோட்பேட்ல திறந்தா ஒவ்வொரு பெட்டிக்கும் அம்புக்கும் டைட்டில்னு ஒரு வரி இருக்கும், அம்போட டைட்டில்ல ரெண்டு பக்கத்து பேரும் அப்படியே இருக்கும், நடுவுல உள்ள அம்பு மட்டும் குறியீடா மாறியிருக்கும். அந்த வரிகள மட்டும் பைத்தான்ல உருவி எடுத்தா முழு தொடர்பும் திரும்ப கிடைச்சுரும். நீங்க ட்ரேஸ் பண்ணி எடுத்த எஸ்விஜில இது இருக்காது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அப்புறம் வாட்ஸப்ல அனுப்பச் சொன்னா டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, போட்டோவா போட்டா மறுபடியும் புள்ளிதான் வரும்.

மண்டபம்_கரை:
ரொம்ப நன்றிண்ணே. கேட்டேன், சீனியர் லேப்டாப் மாத்திட்டாராம், ஃபைல் இல்ல. தட்டச்சு ஆரம்பிச்சுட்டேன், ஆனா பிஎன்ஜி எடுத்தா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது, பெருசு பண்ணா மங்குது. இத ஃப்ளெக்ஸ் அடிக்கணும்.

பாம்பன்_வாடை:
கட்டமா வர்றது ஃபாண்ட் பிரச்சனை. நோட்டோ சான்ஸ் தமிழ சிஸ்டத்துல போட்டுட்டு, ஃபைல்ல ஃபாண்ட்நேம்ல அந்தப் பேர குடு, நோட் (பெட்டி), எட்ஜ் (அம்பு), கிராஃப் (முழுப்படம்) மூணுக்கும் தனித்தனியா குடுக்கணும். ஃபைல யுடிஎஃப் 8ங்கிற எழுத்துக் குறியீட்டுல சேவ் பண்ணு. பிஎன்ஜி சும்மா எடுத்தா 96 டிபிஐதான் (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிற அளவு), டிபிஐய 300னு போட்டா தெளிவு கூடும். ஆனா ஃப்ளெக்ஸ் கடைக்கு பிடிஎஃப்பா குடு, ஃபாண்ட் உள்ளயே போயிரும், பெருசு பண்ணாலும் மங்காது. எஸ்விஜி குடுத்தா கடைக்காரர் மிஷின்ல அந்த ஃபாண்ட் இல்லன்னா எழுத்து சிதறிரும். டாட் ஃபைல பள்ளிக்கூட மெயிலுக்கும் ஒண்ணு அனுப்பிரு தம்பி.