மறு: எஞ்சினின் ‘நம்பகத்தன்மை’ – பழுதுறாமையா, கைவிடாமையா?

அன்புடையீர்,

மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைத் தலைமுறை வாரியாக ஒப்பிடும் கட்டுரையில் ‘reliability’ என்பதற்கு ‘நம்பகத்தன்மை’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அது சாட்சிக்கும் செய்திக்கும் வழங்கும் சொல். நம்பிக்கை நம் மனத்தில் இருப்பது. நாம் அளக்க வேண்டியது எஞ்சினில் இருப்பதை. பொறியியலில் அது ஒரு நிகழ்தகவு: குறித்த நிபந்தனையில், குறித்த காலம்வரை பழுதின்றி இயங்கும் வாய்ப்பு. 0.9 என்று எண்ணிட்டுச் சொல்லத்தக்க அந்தப் பண்புக்கு ‘பழுதுறாமை’ என்பதை முன்வைக்கிறேன். எதிர்மறைப் பெயர் என்று தயங்க வேண்டாம். கொல்லாமையும் வெகுளாமையும் குறளின் அதிகாரப் பெயர்கள்.

போன கிழமை யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் ஒரு கராஜில் நின்றேன். பழைய 50 சி.சி. வண்டி ஒன்று தள்ளிக்கொண்டு வரப்பட்டது. மெக்கானிக் ஐயா பறப்புச்சில்லின் (flywheel) துளை வழியே மெல்லிய அரத்தை விட்டு, கருகிப்போன பொயின்றை, அதாவது பற்றவைப்பு மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனையை, இரண்டு இழுவை இழுத்தார். இடைவெளி பார்த்து உதைத்தார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. “இது ஒரு நாளும் கைவிடாது” என்றார். தள்ளி வந்த வண்டியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார்! அவர் சொன்னது பழுதுறாமையை அன்று.

1990களின் முற்பகுதியில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகியபோது இங்கே நாம் மண்ணெண்ணெயில் ஓடினோம். கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். வழியில் எத்தனை தரம் நின்றிருப்போம்! பிளக்கைக் கழற்றித் துடைத்து, வீடு வந்து சேர்ந்தோம். இதற்குக் ‘கைவிடாமை’ என்றே பெயரிடலாம். பழுதுறாமை, நீடித்த உழைப்பு, திருத்துவதற்கு எளிமை ஆகிய மூன்றையும் அடக்கும் பொதுச்சொல்லாக.

மூன்றாவதான திருத்துவதற்கு எளிமைக்கு ‘திருத்துதகவு’ என்பேன். ‘திருத்தற்றகவு’ என்று புணர்த்தி எழுதினால் கராஜில் எவரும் அதை வாயில் எடுக்கமாட்டார்கள்.

சொற்களைப் பிரித்தால் ஒப்பீடும் தெளிகிறது. ஹொண்டா கப் மோட்டார் சைக்கிள் 1958இல் தள்ளுகோல் (pushrod) எஞ்சினோடு வந்தது. 2007இல் அதன் 50 சி.சி. வகைக்கு, கார்புரேற்றருக்குப் பதிலாக, எரிபொருள் உட்செலுத்தல் (fuel injection) வந்தது. தேயும் பொயின்று போய் மின்னணுப் பற்றவைப்பு வந்தபின் இந்த வகை எஞ்சின்களில் பழுதுறாமை உயர்ந்தது. வீதியோரத் திருத்துதகவு குறைந்தது. உட்செலுத்தும் வண்டியில் எரிபொருள் பம்பி நின்றால் அரமும் துணியும் உதவா.

ஒரு முடிச்சு மீதமுண்டு. பொயின்றை அராவியது பழுதா, பராமரிப்பா? ஓட்டுநர் இறங்கித் தள்ளியிருந்தால் அதைப் பழுது என்றே என் அட்டவணையில் எண்ணப்போகிறேன். மறுப்பவர்கள் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள்.