மறு: ‘போலி நண்பர்’ வேண்டாமே – ‘மா’வை வைத்து ஒரு யோசனை

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு மொழிகளில் ஒன்றுபோல ஒலித்து, பொருளில் ஏமாற்றும் சொற்களை ‘போலி நண்பர்’ என்று அழைப்பதைப் பற்றிய மடலுக்கு இது என் பதில். அந்தப் பெயர் பிரெஞ்சிலிருந்து நேராக வந்த தொடர். 1928இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்ப்பாளரின் காலை வாரிவிடுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதன் தலைப்பிலிருந்து பரவியது இது. அவர்களுக்கு அது பொருத்தம்தான். ஆனால் தமிழில் ‘போலி’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பந்தல் பந்தர் ஆகும், பொருள் மாறாது. நாம் பெயர் தேடுவதோ இதற்கு நேர்மாறான சங்கதிக்கு: வடிவம் ஒன்று, பொருள் வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே மூட்டையில் இரண்டு சரக்கைக் கட்டுகிறோம் என்பது: உறவே இல்லாமல் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் ஒன்று, ஒரே வேரில் பிறந்து பொருள் பிரிந்த சொற்கள் மற்றது. ஒரு காலத்தில் நானும் பிறமொழிச் சொற்களைத் தமிழோடு ஜோடி சேர்த்து நோட்டில் எழுதி வைத்தவன்தான். அதில் ‘மா’ பக்கம் மட்டும் நிரம்பி வழிந்தது.

தமிழிலேயே ‘மா’வுக்கு எத்தனை பொருள்! மரம், அரைத்த மாவு, விலங்கு, பெரிய, இருபதில் ஒரு பங்கு, திருமகள். இலக்கணக்காரர்கள் இதைப் ‘பலபொருள் ஒருசொல்’ என்று முடித்துவிட்டார்கள். சீனத்தில் குரலைச் சமமாக நீட்டினால் ‘மா’ அம்மா, ஏற்றினால் சணல், தாழ்த்தி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டு. வாக்கியக் கடைசியில் ஒட்டினால் நம் ‘வந்தானா’வில் உள்ள ‘ஆ’ போலக் கேள்வி. தாய் மொழியில் வா, நாய், குதிரை மூன்றும் ‘மா’தான், குரல்தான் வேறு. ஹங்கேரியனில் ‘மா’ இன்று. இத்தாலியனில் ஆனால். பிரெஞ்சில் என்னுடைய. எஸ்தோனியனில் குறுக்கி ஒலித்தால் நான். ஜப்பானியத்தில் இடைவெளி. அரபியில் என்ன. வடமொழியில் ‘செய்யாதே’ என்று தடுக்கும் சொல்.

என் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது சீனக் குதிரைக்குத்தான். தமிழிலும் ‘மா’ என்றால் குதிரை, சீனத்திலும் குதிரை! வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு பக்கமும் பின்னோக்கி நடந்து பார்த்தால் கதை மாறுகிறது. தமிழ் ‘மா’ பொதுவாக விலங்கு. அரிமா சிங்கம், கைம்மா யானை, பரிமா குதிரை. முன்னால் ஓர் அடை சேர்த்துத்தான் எந்த விலங்கு என்று தெளிவாக்க வேண்டியிருக்கிறது. சீனச் சொல் அந்த மிருகத்தை மட்டுமே குறிப்பது. அதன் பழைய உச்சரிப்பை ஆய்வாளர்கள் ஏறத்தாழ ‘ம்ரா’ என்று மீட்டெடுக்கிறார்கள், நடுவில் ஒரு ‘ர’ உண்டு. பின்னே போகப் போக ஒற்றுமை கூடினால் உறவு. குறைந்தால் வெறும் தற்செயல். தாய் மொழிக் குதிரை வேறு கதை, அது சீனத்திலிருந்து கடன் போனது என்பதே பொதுவான கருத்து.

இதைவிட அசத்தலான ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து எடுத்ததில்லை. ‘குடாகா’ என்ற பழைய சொல் தேய்ந்து தேய்ந்து அங்கே வந்து நின்றிருக்கிறது.

இந்த வகைக்கு என் பரிந்துரை சாயற்சொல். ஒலியும் பொருளும் ஒத்திருக்கும், வேர் வேறு. ‘சாயல் என்பது சொந்தக்காரர்களுக்குத்தானே’ என்று ஒருவர் கேட்கலாம். தெருவில் போகிற யாரையோ பார்த்து ‘அப்படியே உங்கள் தம்பி சாயல்’ என்று சொல்வதில்லையா? அந்தச் சாயல் இது.

இரண்டாவது சரக்குக்கு ‘மா’ உதவாது, நம் பக்கத்து மொழிகளே போதும். ‘அவசரம்’ தமிழில் வேகம், தெலுங்கில் தேவை, இந்தியில் வாய்ப்பு. ‘சம்சாரம்’ நமக்கு மனைவி, மலையாளத்தில் பேச்சு. இந்தியில் கல்வியாக இருக்கும் ‘சிக்ஷா’, கன்னடத்திலும் மலையாளத்திலும் தண்டனை (படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்பார்கள்). இவை எல்லாம் ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊரில் வளர்ந்தவை. ஆங்கிலத்தில் பரிசான ‘கிஃப்ட்’ ஜெர்மனில் நஞ்சு. அங்கும் ‘கொடு’ என்ற ஒரே வேர்தான். இங்கே வேரைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, மொழிபெயர்ப்பவர்தான் வழுக்கி விழுகிறார். ஆகவே சறுக்குச்சொல்.

சரி, உண்மையிலேயே உறவுள்ள சொற்களை என்னவென்பது? பின்னிஷிலும் எஸ்தோனியனிலும் நீட்டி ஒலிக்கும் ‘மா’ என்றால் நிலம், அரபியின் ‘மா’வும் எபிரேயத்தின் ‘மா’வும் ‘என்ன’ என்றே கேட்கின்றன. இவற்றுக்கு முந்தைய மடலில் சொன்ன ‘உறவுச்சொல்’ எனக்கு உறுத்துகிறது. அத்தை, மாமா எல்லாம் அந்தப் பெயரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவேர்ச்சொல் என்றால் குழப்பம் வராது.

சீன ‘மா’வும் இந்தி ‘மா’வும் அம்மாவாக இருப்பது எந்த வகை என்று கேட்பீர்கள். மூன்றிலும் சேராது. மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் விளக்கியது போல, பால் குடிக்கும் குழந்தையின் வாயிலிருந்து முதலில் எளிதாக வருவது ‘ம’கரம், அதைப் பெற்றவர்கள் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜியனில் அப்பா முந்திக்கொண்டார் போலிருக்கிறது, அங்கே ‘மாமா’ என்றால் தந்தை. இதற்குத் தனிப்பெயர் தேவையென்றால் ‘மழலைச்சொல்’ என்று வைக்கலாம்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கும்: ‘மா (சீனம்): குதிரை. தமிழ் ‘மா’வுக்குச் சாயற்சொல்.’ ‘அவசரம் (தெலுங்கு): தேவை. தமிழ் ‘அவசரம்’: ஒருவேர்ச்சொல், சறுக்குச்சொல்.’ ஒரே சொல்லுக்கு இரண்டு குறிப்பும் வரலாம், ஒன்று வேரைப் பற்றியது, மற்றது பொருளைப் பற்றியது.

‘சறுக்கு’ கொஞ்சம் பேச்சுவழக்காக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்குப் ‘பிறழ்பொருட்சொல்’ கைவசம் உண்டு. எனக்கு அது வாயில் நுழையவில்லை.