மாவுக்கட்டோடு ஆறு வாரம்: குழந்தையின் இடுப்பு ஆபரேஷனுக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

ஒன்றரை வயதுக்கு மேல் கண்டுபிடிக்கப்படும் இடுப்பு மூட்டு விலகலுக்குப் பெரும்பாலும் திறந்து செய்யும் ஆபரேஷன்தான். தொடை எலும்பின் தலையை இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் இருத்துவார்கள். கிண்ணம் ஆழமாக இல்லாவிட்டால் இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி, அதே எலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுத்த துண்டை இடைவெளியில் செருகிக் கம்பி போடுவார்கள். டொரண்டோ மருத்துவர் ராபர்ட் சால்டர் 1961-ல் வெளியிட்ட முறை அது. பிறகு நெஞ்சுக்குக் கீழிருந்து கால் வரை மாவுக்கட்டு. தேதி குறித்ததும் வீடே அந்த ஒரு நாளை நினைத்துக் கலங்குகிறது. ஆபரேஷன் தியேட்டர் சில மணி நேரம்; கட்டு ஆறு வாரம், சில குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம். அந்த நாட்களுக்கு என்ன தயார் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் அளவோடு, நேரத்தோடு எழுதுங்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர், மதுரை

டயப்பரில் இருந்து தொடங்குகிறேன். கட்டு கெட்டுப்போவது அங்கேதான்.

இரண்டு சைஸ் வாங்குங்கள். வழக்கமாகப் போடுவதைவிட ஒன்றிரண்டு சைஸ் சின்னது உள்ளே, பெரியது வெளியே. சின்னதின் ஒட்டும் காதுகளைக் கத்தரித்துவிட்டு, கட்டின் திறப்புக்குள் முன்னும் பின்னும் விரலால் தள்ளிச் செருக வேண்டும். பெரியது கட்டின் மேலே சுற்றி ஒட்டும். அதன் வேலை சின்னதை நகராமல் பிடிப்பது மட்டும். பெரியதைக் கட்டுக்குள் செருகினால் ஈரம் நேராக உள் பஞ்சுக்குப் போகும். பகலில் இரண்டு மணிக்கொரு முறை, இரவில் மூன்று நான்கு மணிக்கொரு முறை மாற்றுங்கள். நிறைந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருந்தால் காரியம் கெட்டது.

படுக்கையில் தலைப்பக்கம் எப்போதும் உயரமாக இருக்கட்டும். சமமாகப் படுத்தால் சிறுநீர் முதுகுப் பக்கம் ஓடி உள்ளே ஊறும்.

விளிம்புக்குத் தண்ணீர் ஏறாத டேப், இரண்டு அங்குல அகலம். மூன்று நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, முனைகளை வட்டமாகக் கத்தரித்து, பாதி உள்ளே பாதி வெளியே, பூவிதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க ஒட்டுங்கள். முனை கூராக இருந்தால் சுருண்டு வந்துவிடும். மாவுக்கட்டு முழுதும் காய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஈரமாக இருக்கும்போது டேப் பிடிக்காது. அந்த இரண்டு நாள் விரல் நுனியால் தூக்கவும் கூடாது. விரல் பதிந்த குழி உள்பக்கம் மேடாகி, அந்த இடத்தில் தோல் புண்ணாகும். உள்ளங்கை இரண்டையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு காலுக்கும் நடுவே குறுக்குக் கட்டை வைத்திருந்தால் அதைக் கைப்பிடியாக்காதீர்கள், அது உடையும்.

மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்பவர்

பட்டினி நேரத்தில் பாட்டிமார் இளகிவிடுவார்கள். ஒரு பிஸ்கட்டுக்காக அன்றைய ஆபரேஷன் நிற்கும். பொதுக் கணக்கு இது: திட உணவும் பசும்பாலும் பவுடர் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், எண்ணெய், நெய்ப் பலகாரமென்றால் எட்டு. தாய்ப்பால் நான்கு. வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. கஞ்சி இந்தத் தண்ணீர்க் கணக்கில் வராது, பால் கலந்த டீயும் வராது. மருத்துவமனை சொல்லும் நேரமே முடிவு. தேவைக்கு மேல் பட்டினி போடவும் வேண்டாம். மயங்கிய நிலையில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் பயம்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும் ஆபத்து அப்போது கூடுதல். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிப்போடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கல்யாணம், திருவிழாக் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவா என்று ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். எலும்பை வெட்டுகிற ஆபரேஷனில் ரத்தம் போகும். 12 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவுதான். இரும்புச்சத்து சிரப் கொடுத்தால் பாலோடு சேர்க்காதீர்கள், உடம்பில் ஏறாது. சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள்.

மருந்தாளுநர்

கட்டு போடுவதற்கு முன் உள்ள எடையை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். மருந்து அளவுக்கு அதுதான் கணக்கு. கட்டோடு நிறுத்த எடையை வைத்து மருந்து கொடுத்தால் கூடிப்போகும்.

பாராசிட்டமாலில் நடக்கும் தவறு: சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 12 கிலோ குழந்தைக்கு 180. அது 120 பாட்டிலில் 7.5 மில்லி, 250 பாட்டிலில் 3.6 மில்லி. கடை மாறினால் பாட்டில் மாறும்; பழைய மில்லியே கையில் இருக்கும். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, அதற்குத் தனிக் கணக்கு. ஸ்பூனில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

முதல் சில இரவுகள் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு அலறும். தசை இழுப்பு அது. அதற்குத் தனி மருந்து உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லையென்றால் கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

காப்பீட்டு உதவி மையத்தில் இருப்பவர்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். சின்னக் குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறாமலே கிடக்கும். அதை முதலில் சரிசெய்யுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் தேதி உறுதி. கம்பி எடுக்க இரண்டாவது முறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவு இதில் அடங்குமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

செவிலியர் மறுபடியும்

ஊருக்குத் திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. கால்கள் அகன்று நிற்கும். ஆட்டோவில் மடியில் வைத்துப் போவது ஆபத்து, கார் முன் இருக்கையில் மடி அதைவிட ஆபத்து. ஸ்ட்ரெச்சரும் பெல்ட்டும் உள்ள ஆம்புலன்ஸைப் பேசி வையுங்கள். கட்டின் அகலத்தை டேப்பால் அளந்து வீட்டுக்குச் சொல்லுங்கள்: குளியலறைக் கதவு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடைவெளி எல்லாம் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும். தூளி வேண்டவே வேண்டாம். உடைக்கு அகலப் பாவாடை, பையனென்றால் தாத்தாவின் பழைய வேட்டித் துண்டு. பருத்தி போதும், சித்திரை வெயிலில் கட்டுக்குள் வேர்வைதான் அரிப்பு. அரிப்புக்குக் குச்சி, ஸ்கேல், பவுடர் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஹேர் டிரையரில் குளிர்காற்று வைத்து விளிம்பில் காட்டுங்கள்.

இரண்டிலிருந்து நான்கு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, குதிகால் எதிலும் படாமல். காலையும் மாலையும் டார்ச் அடித்து விளிம்புகளைப் பாருங்கள். கால்விரலை அழுத்திவிட்டால் இரண்டு விநாடியில் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல் நீலமாகி, குளிர்ந்து, அசைக்காமல் இருந்தாலோ, மருந்து கொடுத்தும் அழுகை அடங்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிறு உப்பி, விடாமல் வாந்தி எடுத்தாலும் அப்படியே. கட்டு வயிற்றை இறுக்கிக் குடலை அடைக்கலாம். சிறுநீர் வாடை வேறு, உள்ளே புண் அழுகும் வாடை வேறு, ஒருமுறை முகர்ந்தாலே தெரியும். கட்டின் மேல் ரத்தக் கறை தெரிந்தால் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் கூப்பிடுங்கள்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. படுத்த நிலையில் ஊட்டாதீர்கள், புரையேறும். அசைவில்லாததால் மலச்சிக்கல் வரும்; பப்பாளி, வாழைப்பழம், தண்ணீர்.

பிசியோதெரபிஸ்ட், கோவை

கட்டைப் பிரிக்கும் ரம்பம் சுழலாது, அதிரும், சத்தம்தான் பயமுறுத்தும். காதை மூடிக்கொள்ள ஏதாவது எடுத்துப் போங்கள். கீழே தோல் மஞ்சளாக, செதில் செதிலாக இருக்கும். தேய்த்து உரிக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் சில நாளில் தானாக வரும்.

கால்கள் அகட்டியபடியே விறைத்து நிற்கும். சேர்த்து வைக்க அழுத்தாதீர்கள். எடை தாங்காமல் இருந்த எலும்பு மெலிந்திருக்கும். முழங்காலுக்கு மேல் தொடை எலும்பு முறிவது இந்தச் சில வாரங்களில்தான், அதுவும் ஆர்வத்தோடு காலைப் பிடித்து மடக்கும்போது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தால் குழந்தை தானே அசைக்கும். பிறகு தவழும், பிடித்து நிற்கும். எப்போது நிற்க விடலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்வார்.

வீட்டில் அடுத்த குழந்தை வரப்போகிறதென்றால், பிறந்த ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். துணியில் காலை நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம். நம் ஊரில் இடுப்பில் தூக்கி வைப்பது மூட்டுக்கு நல்ல நிலை. அதைத் தாராளமாகச் செய்யலாம்.