பெயர் வேண்டாம் என்றார்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், ஒரு உதிரிபாகக் கம்பெனியில். எனக்கு 24 வயது. போன மாதம் எல்லோர் போனுக்கும் ஒரு படிவம் வந்தது. கம்பெனிச் சூழல் எப்படி இருக்கிறது, ஐந்துக்கு எத்தனை மார்க்? பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து சொல்லுங்கள் என்றார்கள். சரி என்று திறந்தால் முதலில் கேட்டது எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிப்ட், எந்த வருடம் சேர்ந்தீர்கள், ஆணா பெண்ணா. எங்கள் லைனில் 2023-இல் சேர்ந்த பெண் நான் ஒருத்திதான்! அப்புறம் பெயர் எதற்கு?

கம்பெனி பஸ் முள்ளோடை தாண்டும்வரை இதே பேச்சு. லைன் லீடர் அண்ணன், "எல்லாத்துக்கும் நாலு போட்டுட்டுப் போம்மா" என்றார். நான் கேட்கவில்லை. கூட வேலை செய்பவர்களுக்கு ஐந்து. கேன்டீனுக்கு மூன்று (சாம்பாருக்காக மட்டும் என்றால் இரண்டுதான்). லீவுக்கு ஒன்று. அக்கா வளைகாப்புக்கு ஒரு நாள் கேட்டபோது, "வீட்டுல வேற ஆளே இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு வேறு எத்தனை போடுவது? அடுத்த வாரம் மீட்டிங்கில் ஹெச்.ஆர். மேடம், "யாருக்கோ லீவுல வருத்தமாமே" என்று சிரித்தார். என்னைப் பார்த்துதான்.

—

புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து: நான் ஐ.டி., உட்கார்ந்து செய்யும் வேலை. எங்களுக்கும் இப்படி ஒரு படிவம் வந்தது. 'வேலை-வாழ்க்கைச் சமநிலை'க்கு இரண்டு போட்டேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்றார் மேனேஜர். எங்கள் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று இங்கே துப்பாக்கிச்சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் செத்த கதையைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த வருடமே, அப்போது புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு அரசு 8 மணி நேர வேலைக்கு இறங்கி வந்தது. அந்தத் தொழிலாளர்களுக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் காலை ஒன்பதரைக்கு லாக்-இன் பண்ணி, இரவு எட்டரைக்கு எழுந்திருக்கிறேன்.

—

குடிகாடு பக்கத்திலிருந்து: முதலில் எழுதிய தங்கச்சிக்குப் படிவமாவது வந்தது. நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட். நான்கு வருடமாக அதே பிளான்ட், அதே ஷிப்ட். ஆனால் படிவம் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். கம்பெனி எப்படி என்று கேட்கிற கணக்கில் நாங்கள் கம்பெனி ஆட்களே இல்லை. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கான்ட்ராக்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துவிட்டதோ என்னவோ, ஒற்றைதான் வரும்.

அன்று கூட வேலை பார்க்கும் பெர்மனென்ட் அண்ணன் ஒருத்தர் டீ நேரத்தில் போனை நீட்டி, "நீயா இருந்தா பாதுகாப்புக்கு என்னடா போடுவ?" என்றார். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு வருடாவருடம் பயிற்சி உண்டு. எங்களுக்கு, "அவங்க பின்னாடியே ஓடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு போடுண்ணா" என்றேன். போட்டார்.